மாத்திரையை நிறுத்தியும் வாய் நிற்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் போன்ற ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளை (மனநோய்க்குத் தரும் மருந்துகளை) நிறுத்திய பிறகு உடம்பில் தங்கிவிடும் அசைவுகள், தவிப்புகள் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பகுதி முழுவதும். எழுதியவர்களின் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறோம்.

கே: அம்மாவுக்கு 62 வயது. எட்டு வருடமாக ரிஸ்பெரிடோனும் ட்ரைஹெக்ஸிபெனிடிலும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்று மாதம் முன்பு அவராகவே நிறுத்திவிட்டார். சில வாரத்திலேயே, வெற்றிலை மெல்லுகிறவர் போல வாய் அசைய ஆரம்பித்தது. நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. பல்செட் நிற்பதில்லை. கேட்டால் "நான் ஒண்ணும் பண்ணலையே" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் நடுக்கத்துக்கென்று ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இன்னும் கூடியது போலத்தான் இருக்கிறது. மருந்தே நின்றுவிட்டதே, பிறகு ஏன் இப்படி? – வாசகி, அல்சூர்

ப: அம்மா பொய் சொல்லவில்லை. இந்த அசைவு வருகிற பலருக்கு அது தெரிவதே இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது டார்டிவ் டிஸ்கைனீசியாவாக, அதாவது இந்த மருந்துகளை நெடுநாள் சாப்பிட்டதால் தாமதமாக வரும், தன்னையறியாத அசைவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

டோபமைன் என்பது மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துத்தான் இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடைப்பு நீடித்தால், ஏற்பிகள் எண்ணிக்கையிலும் கூர்மையிலும் கூடிவிடுகின்றன என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். மருந்து உள்ளே இருக்கும்வரை அந்த மிகைக் கூர்மை வெளியே தெரியாது. டோஸைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ மூடி இருந்தது தலைகாட்டும். ஆகவே கோளாறு மருந்து நின்ற பிறகு பிறந்ததல்ல. முன்பே உருவாகிவிட்டது, இப்போதுதான் கண்ணில் படுகிறது.

இதில் நாள் கணக்கு முக்கியம். மருந்தை நிறுத்தியதும் வரும் அசைவு சிலருக்கு 4 முதல் 8 வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அது விலகல் அசைவு. அதைத் தாண்டியும் நீடித்தால் டார்டிவ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொதுவாகக் குறைந்தது மூன்று மாதமாவது மருந்து சாப்பிட்டிருந்தால்தான் இந்தப் பேச்சே வரும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரே மாதம் போதும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் ஆண்டுக்குச் சுமார் 100-ல் 5 பேருக்கு வரும் என்பது நெடுநாள் கணக்கு, முதியவர்களில் அது பல மடங்கு. புதிய மருந்துகளில் குறைவு. ஆனால் "புது மாத்திரை, பயமில்லை" என்று சொல்கிற அளவுக்குக் குறைவு அல்ல. வயது, பெண்ணாக இருப்பது, சர்க்கரை நோய், மருந்து ஆரம்பித்த காலத்திலேயே கைகால் விறைத்த அனுபவம் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் அசைவு கூடலாம். சிலர் டாக்டர் முன்னால் சில நிமிடம் அடக்கியும் வைத்துவிடுவார்கள். டாக்டர்கள் 1976-லிருந்து பயன்படுத்தும் ஏ.ஐ.எம்.எஸ். என்ற மதிப்பீட்டு முறையையே வீட்டில் எளிமையாகச் செய்யலாம். கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள். சோபா வேண்டாம், உடம்பின் அசைவை அது விழுங்கிவிடும். செருப்பு, சாக்ஸ் கழற்றச் சொல்லுங்கள், கால்விரல்கள் தெரிய வேண்டும். வாயில் பாக்கோ மிட்டாயோ இருக்கக் கூடாது. பல்செட்டோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை எடுங்கள். கைகள் முழங்கால் மேல், பாதம் தரையில், ஒரு நிமிடம் பேச்சில்லாமல். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கு உள்ளே சும்மா கிடக்கிறதா, புழுப்போல நெளிகிறதா என்று பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லுங்கள். இரண்டையும் இரண்டு தடவை.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடுவது: கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வேக வேகமாகத் தொடச் சொல்லுங்கள், 10 முதல் 15 வினாடி, முதலில் வலது கை, பிறகு இடது. அப்போது கையைப் பார்க்காதீர்கள், முகத்தையும் காலையும் பாருங்கள். கவனம் கையில் போனதும் மறைந்திருந்த வாயசைவு வெளியே வரும். கடைசியாக, இரண்டு கையையும் உள்ளங்கை கீழ்நோக்க முன்னால் நீட்டி நிற்க வைத்து, நாலடி நடந்து திரும்பி வரச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிட வீடியோ. தேதி போட்டு வையுங்கள், மாதம் ஒரு தடவை அதே நாற்காலியில் எடுங்கள். தூங்கும்போது அசைவு நின்றுவிடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டார்டிவ் அசைவு தூக்கத்தில் நின்றுவிடும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு வருவோம். நடுக்கத்துக்கென்று கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ட்ரைஹெக்ஸிபெனிடில்தான், பேசிடேன் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். பார்க்கின்சன் போன்ற கை நடுக்கத்துக்கும், திடீரென்று கழுத்து இழுத்துக்கொள்வதற்கும் அது நல்ல மருந்து. டார்டிவ் வாயசைவை அது கூட்டிவிடும். 60-ஐத் தாண்டியவர்களுக்கு ஞாபக மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு வேறு. ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், சடக்கென்று விட்டால் குமட்டலும் தூக்கமின்மையும் வரும்.

இன்னொரு பொறி: பழைய ரிஸ்பெரிடோனை மறுபடி கொடுத்தால் வாய் நின்றுவிடக்கூடும். "பார்த்தியா, மருந்து இல்லாததுதான் காரணம்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அது குணமல்ல, மூடி மறுபடி போடப்பட்டது, அவ்வளவுதான். அடுத்த தடவை இன்னும் அதிகமாக வரலாம். அதே சமயம், மூன்று மாதம் மருந்தில்லாமல் இருக்கும் அம்மாவுக்குப் பழைய நோய் திரும்பும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே இந்த வாரமே மனநல டாக்டரைப் பாருங்கள். மருந்து கட்டாயம் தேவை என்றால் குவெட்டியாபின், குளோசபின் போன்ற, ஏற்பியைத் தளர்வாகப் பிடிக்கும் மருந்துக்கு மாற்றுவது வழக்கம். குளோசபின் என்றால் வெள்ளணு எண்ணிக்கைக்காக முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை உண்டு.

அசைவுக்கென்றே இருப்பவை வி.எம்.ஏ.டி.-2 தடுப்பு மருந்துகள், அதாவது நரம்பு செல்கள் டோபமைனைச் சேர்த்து வைப்பதைக் குறைப்பவை. வால்பெனசின், டியூடெட்ராபெனசின் இரண்டையும் 2017-ல் அமெரிக்கா இதற்கென்றே அங்கீகரித்தது. நம்மூரில் நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது அவற்றின் மூத்த உறவான டெட்ராபெனசின். பொதுவாக 12.5 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 12.5 கூட்டுவார்கள். தூக்கக் கலக்கம், நடை மந்தமாவது, முக்கியமாக மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம். அம்மாவுக்கு முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் அதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஃப்ளூவாக்ஸெட்டின், பேராக்ஸெட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மருந்து ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தேங்கும், அதையும் சொல்ல வேண்டும்.

பல்செட்டை மறந்துவிடாதீர்கள். பொருந்தாத பல்செட்டே சிலருக்கு மெல்லும் அசைவைக் கொண்டுவரும், இருக்கிற அசைவையும் தூண்டும். பல் டாக்டரிடம் சரிசெய்து, நாக்கின் ஓரத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு தொண்டையில் சிக்குவது, மூச்சு ஒழுங்கில்லாமல் முனகல் சத்தத்தோடு வருவது, எடை இறங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கே: எனக்கு 27 வயது, பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறேன். ஒலான்சபின் 10 மில்லிகிராம் இரண்டு வருடம் சாப்பிட்டேன். எடை ஏறிவிட்டதால் ஒரே நாளில் நிறுத்தினேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் வாந்தி வருவது போலவும் வியர்வையும். தூக்கம் இன்னும் சரியில்லை. நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை, மீட்டிங்கில் எழுந்து எழுந்து நடக்கிறேன். வீட்டில் "நோய் திரும்பிடுச்சு" என்கிறார்கள். மண்டையில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. – வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

ப: உங்களுக்கு இரண்டு விஷயம் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கிறது. முதல் வாரக் குமட்டல், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை ஒலான்சபின் அடக்கி வைத்திருந்த வேறு வேதிப்பாதைகள் திடீரென்று விடுபட்டதால் வந்தவை. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். உட்கார முடியாத தவிப்பு வேறு. அதன் பெயர் அகதீசியா. மருந்து ஆரம்பிக்கும்போதும் வரும், நிறுத்திய ஆறு வாரத்துக்குள்ளும் வரும்.

இதைத்தான் நோய் திரும்பியதாக அடிக்கடி தப்பாகப் படிக்கிறார்கள். கொஞ்சம் கவனித்தால் வித்தியாசம் தெரியும். அகதீசியாவில் தவிப்பு முதலில் காலில். நடந்தால் கொஞ்சம் சுகம், உட்கார்ந்தால் மறுபடி. "எனக்கு என்னமோ ஆகுது, நிற்க முடியலை" என்று நீங்களே சொல்வீர்கள். நோய் திரும்பும்போது சந்தேகம், பயம், ஒலிகள், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நினைப்பு முன்னால் வரும். தனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள்தான் பிரச்சினை என்று தோன்றும். நிறுத்திய சில நாளிலேயே வருவது பெரும்பாலும் விலகல் விளைவு, நோய் திரும்புவது சற்றுத் தாமதமாகும். ஆனால் தூக்கமின்மை இரண்டுக்கும் பொது, நோய் திரும்புவதற்கு முன்னெச்சரிக்கையாகவும் வரும். நீங்களாகத் தீர்ப்பு எழுதாமல், தினமும் தூங்கிய மணி நேரத்தை நோட்டில் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் "நான் வித்தியாசமாப் பேசினா சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள்.

அகதீசியாவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்ற வைக்கிற அளவுக்கு அது வதைக்கும். அப்படித் தோன்றினால் உடனே அவசரப் பிரிவு, அல்லது 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். மருந்தில் ப்ரோப்ரனலால் முதல் தேர்வு, 10 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்குவார்கள். ஆஸ்துமா இருந்தால் கூடாது, நாடித்துடிப்பு ஏற்கனவே மெதுவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. இரவில் மிர்ட்டாஸபின் 15 மில்லிகிராம் சிலருக்கு உதவும், ஆனால் எடைக்காக மருந்தை விட்ட உங்களுக்கு அது பிடிக்காது, அதுவும் எடை ஏற்றும். காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

நிறுத்திய விதம்தான் இங்கே தவறு. டோபமைன் ஏற்பி அடைப்பு டோஸோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. 10-லிருந்து 5-க்கு இறங்கும்போது அடைப்பு கொஞ்சம்தான் குறையும். 2.5-லிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதுதான் பெரிய வீழ்ச்சி. ஆகவே கீழே போகப் போகப் படி சின்னதாக வேண்டும். 2021-ல் லண்டன் மனநல ஆய்வாளர்கள் சிலர் முன்வைத்த முறை, அப்போது சாப்பிடும் டோஸில் நாலில் ஒரு பங்கோ பாதியோ மட்டும் குறைத்து, அடுத்த குறைப்புக்கு முன் மூன்று முதல் ஆறு மாதம் காத்திருப்பது. ஒலான்சபின் 7.5, 5, 2.5 மில்லிகிராம் அளவுகளில் கிடைப்பதால் மேல்படிகள் எளிது. 2.5-க்குக் கீழே மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் விதத்தை டாக்டர்தான் வகுக்க வேண்டும்.

மெதுவாகக் குறைத்தால் எல்லாம் சுபம் என்றும் சொல்ல மாட்டோம். இங்கிலாந்தில் 253 பேரை வைத்து நடந்து 2023-ல் வெளிவந்த ராடார் ஆய்வில், டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைத்தவர்களிலும் தீவிரமாக நோய் திரும்பியவர்கள் சுமார் 25 சதவீதம். தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அது 13. ஆகவே உங்கள் டாக்டர் மறுபடி சின்ன டோஸில் ஆரம்பித்து முறையாக இறக்கலாம் என்றாலோ, எடை ஏற்றாத வேறு மருந்து என்றாலோ அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எடைதான் பிரச்சினை என்பதைச் சொல்லாமல் மருந்தை விட்டவர்கள் நிறையப் பேர். சொன்னால் அதற்கு வழி உண்டு.

கே: நான் மனநல மாத்திரையே சாப்பிட்டதில்லை. வாயுத் தொல்லைக்கு ஒரு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்ஸ்யூல். வயது 68. இப்போது தாடை நடுங்குகிறது, நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது. இந்தப் பகுதியில் எனக்கு இடமுண்டா? – வாசகர், ஸ்ரீராமபுரம்

ப: நிச்சயம் உண்டு. கேப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோல் என்ற பெயருக்குப் பக்கத்தில் லெவோசல்பிரைட் என்று இருந்தால், நீங்கள் சாப்பிட்டது டோபமைன் அடைப்பு மருந்துதான். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்து விற்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், தலைச்சுற்றலுக்கான ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனாரிசின் எல்லாம் இதே வரிசை. மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது.

உங்களுக்கு வந்திருப்பது மருந்தால் வரும் பார்க்கின்சன் நிலையாக இருக்கலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரம் முதல் சில மாதத்தில் சரியாகும். ஆறு மாதம் தாண்டியும் நடை மந்தமாகவே இருந்தால், உள்ளே ஏற்கனவே தொடங்கியிருந்த பார்க்கின்சன் நோயை இந்த மருந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கலாம். நரம்பியல் டாக்டர் அதைத் தேடுவார். வாயுவுக்குத் தனி பான்டோபிரசோலே போதுமா, அதுவும் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் யாரும் இதற்கிடையில் பார்க்கின்சன் மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டாம்.

கே: தம்பிக்கு 31 வயது. ஹாலோபெரிடால் நிறுத்தி ஐந்து மாதம். தலை பின்பக்கமாக இழுத்துக்கொள்கிறது. மோவாயில் ஒரு விரல் வைத்தால் நேராகிவிடுகிறது, எடுத்தால் மறுபடி இழுக்கிறது. நடிக்கிறான் என்கிறார் சித்தப்பா. – வாசகி, விவேக்நகர்

ப: சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: விரல் வைத்தால் நேராவதுதான் இது உண்மையான டிஸ்டோனியா (தசை தானாக இழுத்துக்கொள்ளும் கோளாறு) என்பதற்கான அடையாளம். தோலின் தொடுஉணர்வு தசை இழுப்பைத் தற்காலிகமாகத் தணிக்கும் இந்த உத்தியை நரம்பியல் டாக்டர்கள் தேடியே பார்ப்பார்கள். டார்டிவ் டிஸ்டோனியா இளம் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும், கழுத்து பின்னால் போவது அதன் வழக்கமான உருவம். மேலே அல்சூர் வாசகிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இதில் ட்ரைஹெக்ஸிபெனிடில் உதவக்கூடும். இழுக்கும் தசையில் போடும் போட்யுலினம் ஊசி நல்ல பலன் தரும், மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். இந்த வயதில் வில்சன் நோயை (உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயை) ஒதுக்கிவிட்டுத்தான் மருந்தின்மேல் பழி போட வேண்டும்: ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் பரிசோதனை.

கே: ஜின்கோ, வைட்டமின் ஈ சாப்பிட்டால் இந்த அசைவு போய்விடும் என்கிறார்களே? – வாசகர், காக்ஸ் டவுன்

ப: ஜின்கோ மர இலைச் சாறுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2013 வழிகாட்டுதலில் அதுவும் குளோனசெபம் என்ற மாத்திரையும் ஆதாரத்தில் ஒரே தட்டில் இருந்தன. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஜின்கோவைத் தொடக் கூடாது. வைட்டமின் ஈ வந்த அசைவைப் போக்காது.

கே: பெங்களூரில் எந்த டாக்டர்? மனநலமா, நரம்பியலா? கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? – பல வாசகர்கள்

ப: மருந்து எழுதிய மனநல டாக்டரிடம் முதலில். அவர் அனுப்பினால் அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் டாக்டரிடம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. கொண்டுபோக வேண்டியது ஒரு பக்கத் தாள்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் ஆரம்பம், எந்தத் தேதியில் குறைத்தது, எந்தத் தேதியில் நிறுத்தியது, அசைவு முதலில் கண்ணில் பட்ட தேதி. அதோடு வீடியோ, வயிற்றுக்கும் தலைச்சுற்றலுக்கும் சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள் உட்பட எல்லாம். பழைய சீட்டு தொலைந்துபோயிருந்தால், சிகிச்சை பார்த்த இடத்தில் கேட்டு வாங்கலாம். தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு நோயாளிக்குத் தந்திருக்கிறது.

பக்கவிளைவை அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம், 1800-180-3024 கட்டணமில்லா எண். தமிழிலும் படிவம் உண்டு.

கே: மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தார் கணவர். கடைசி ஊசி போட்டு ஆறு வாரம். எதுவும் வரவில்லை, தப்பித்தோமா? – வாசகி, மர்ஃபி டவுன்

ப: இன்னும் கணக்கே ஆரம்பிக்கவில்லை. மாதாந்திர ஊசி தசையிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். பாலிபெரிடோன் ஊசியில் ரத்த அளவு பாதியாகவே 25 முதல் 49 நாள் ஆகும். அடுத்த ஊசி நாள் தாண்டியதையே நிறுத்தியதாக எண்ணாமல், அடுத்த ஆறு மாதமும் மேலே சொன்ன நாற்காலி வீடியோவை மாதா மாதம் எடுங்கள், தூக்கத்தையும் கவனியுங்கள். ஊசியை நிறுத்தும் முடிவு அவருடைய டாக்டருக்குத் தெரிந்து எடுத்ததா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் நாளைக்கே போன் செய்யுங்கள்.